கிளட்ச் பெடலில் கீச் சத்தம், 2003 மாடல் மினி லாரி: கியர்பாக்ஸ் இறக்கித்தான் ஆகணுமா?

அன்னாசி லோடு:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2003 மாடல் மினி லாரி, 5 கியர். கிளட்ச் ஆயில் டைப், கேபிள் கிடையாது. அப்பா வாங்கிய வண்டி, ஆறு வருடமாக என் கையில். கொல்லிமலை சோளக்காட்டில் அன்னாசியும் வாழைத்தாரும், சீசன் வந்தால் பலாவும் ஏற்றி நாமக்கல்லுக்கு இறக்குகிறேன். வாரத்துக்கு நாலு நடை.

கிளட்சை மிதித்தால் 'கீ...ச்' என்கிறது. காலை எடுத்தால் அதே சத்தம் கொஞ்சம் சின்னதாக, பதில் சொல்வதுபோல. ஊருக்குள் ஓட்டினால் பெரிய விஷயம் இல்லை. ஆனால் காரவள்ளியில் இருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ரெண்டு மிதி என்று வைத்தாலும் ஒரு ஏற்றத்துக்கு 140 கீச். போன வாரம் பக்கத்து சீட்டில் வந்த தோட்டக்காரர் 23-ஆவது வளைவு வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வண்டிக்குள்ள எலி கிலி இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

நான் கவனித்த வரைக்கும்:

என்ஜின் ஓடினாலும் நின்றாலும் சத்தம் வருகிறது. முழுக்க மிதிக்கத் தேவையில்லை, கால்வாசி போனதுமே ஆரம்பித்துவிடும். காலையில் ஐந்து மணிக்குப் பனியில் எடுத்தால் மோசம், மத்தியானம் அடங்கிவிடுகிறது. கியர் நன்றாக விழுகிறது. லோடோடு ஏறும்போது கிளட்ச் வழுக்குவதில்லை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் ரெண்டு வருடம் முன்னால் மாற்றியது.

டபிள்யூடி-40 மூன்று தடவை அடித்தேன், கைக்கு எட்டிய இடத்தில் எல்லாம். ரெண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் மறுபடி எலி.

வழக்கமாகப் போகும் மெக்கானிக், பெடலை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். "கியர்பாக்ஸ் இறக்கி கிளட்ச் செட்டு மாத்திடலாம், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. ஒரு கீச்சுக்கு ஒன்பதாயிரமா? இல்லை, நான்தான் கஞ்சத்தனம் பார்த்து மலையில் மாட்டிக்கொள்ளப் போகிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆறு சக்கரம்:

தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க தலைவரே. எங்க வீட்டுக் கேட்டு, கட்டில், கிளட்ச் எல்லாத்துக்கும் அதுதான்.


அன்னாசி லோடு:

அம்மாவும் அதையேதான் சொன்னார்கள், விட்டும் பார்த்தாச்சு. மலைப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து பெடல் தண்டு மேல் புளிக்கரைசல் மாதிரி கருப்பாக ஒரு பசை. சத்தம் அப்படியே.


சங்ககிரி பட்டறை:

தம்பி, கியர்பாக்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள். என் பட்டறையில் 31 வருடமாக லாரிதான். கிளட்ச் பெடல் கத்துகிறது என்று வந்த வண்டிகளில் முக்கால்வாசி, கால் வைக்கும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள்தான் கோளாறு.

நீங்களே பாதி விடை எழுதிவிட்டீர்கள். என்ஜின் நின்றிருக்கும்போதும் கத்துகிறது. மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் உள்ளே குண்டு போயிருந்தால் அது சுற்றும்போதுதான் சத்தம் போடும். என்ஜினை அணைத்தால் ஊமையாகிவிடும். அதுவும் கீச் என்று இருக்காது, மாவு மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல 'கிர்ர்ர்' என்று இருக்கும். உங்களுடையது அந்த ஜாதி இல்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கு உட்காரும் குமிழும், பேரிங் வழுக்கி ஓடும் குழாயும் காய்ந்துபோனால் என்ஜின் இல்லாமலும் கத்தும். அதனால் முதலில் சத்தம் மேலே பெடல் பக்கமா, கீழே கியர்பாக்ஸ் பக்கமா என்று பிரிக்க வேண்டும். எண்ணெய் அதற்கு அப்புறம்.

காது இடத்தைச் சரியாகச் சொல்லாது. காலுக்கு எதிரே இருக்கும் தகடு முரசு மாதிரி, எங்கே கத்தினாலும் அதுதான் வாங்கி உங்கள் முகத்தில் அடிக்கும். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதல்லவா, அதில் ஒரு மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனை காதில், மறுமுனை சந்தேகப்படும் இடத்தில். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்தட்டும். டாஷ்போர்டுக்கு அடியில், அப்புறம் பேனட் பக்கம் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் சிலிண்டர்) அருகில், அப்புறம் வண்டிக்கு அடியில் ஃபோர்க்கு வெளியே வரும் இடத்தில் என்று வைத்துக் கேளுங்கள். பக்கத்தில் போனால் சத்தம் 'கீச்' என்று இருக்காது, ஊசி குத்துவதுபோல இருக்கும். அப்போது அந்த இடத்தில் விரலை வைத்தால் நடுக்கம் தெரியும். காதைவிட விரலை நம்புங்கள்.

ஏன் கத்துகிறது என்றால், ரெண்டு பரப்பு ஒட்டிக்கொள்கிறது, விடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். கழுவின எவர்சில்வர் தட்டில் ஈர விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், அதே கதைதான். எண்ணெய்ப் படலம் நடுவில் நின்றால் ஒட்டாது. நிற்காத எண்ணெயால் பயன் இல்லை.

டபிள்யூடி-40 விஷயம் அதுதான். அந்த ரெண்டு எழுத்துக்கே தண்ணீரை விரட்டுவது என்றுதான் அர்த்தம். 1953-ல் அமெரிக்காவில், சான் டியேகோவில், ராக்கெட் தகடு துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது. 40-ஆவது தடவைதான் சரியாக வந்ததாம், பெயரிலேயே அந்த எண் இருக்கிறது. துரு பிடித்த போல்ட்டை இளக்க, அழுக்கைக் கழுவ அருமையான சாமான். நான் தினம் உபயோகிக்கிறேன். ஆனால் அது கிரீஸ் இல்லை. அழுத்தத்தில் உராயும் இடத்தில் அடித்தால், இருந்த கொஞ்சநஞ்சப் பழைய கிரீஸையும் கழுவிவிட்டு, தானும் ரெண்டு நாளில் போய்விடும். நீங்கள் மூன்று தடவை கழுவி விட்டிருக்கிறீர்கள்.

மேலே என்றால் சந்தேகம் இந்த வரிசையில்: ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் கொக்கி, பெடல் ஆடும் தண்டைச் சுற்றி உட்காரும் புஷ் என்ற வளையம், மாஸ்டர் சிலிண்டர் ராடும் பெடலும் சேரும் பின், கடைசியாகச் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கிரீஸைப் பூசாதீர்கள். பூசினால் சத்தம் நிற்கலாம், எது என்று தெரியாமலே போய்விடும். ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டு அசைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிறைய வண்டிகளில் கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் ஒரே தண்டில்தான் தொங்குகின்றன. தண்டை இழுத்தால் பிரேக்கும் கையோடு வரும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மலை மேல் வீட்டு வாசலில் இந்த வேலை வேண்டாம்.


எடப்பாடி நெல்லு வண்டி:

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் செய்த முட்டாள்தனம் இது.

எனக்கும் இதே கீச். வண்டிக்கு அடியில் படுத்துக் கேட்டால் ஃபோர்க்கு பக்கம் என்று தெளிவாகத் தெரிந்தது. ஃபோர்க்கு வெளியே வரும் ஓட்டையில் ஒரு ரப்பர் உறை இருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிவிட்டு, நீளக் குழாய் மாட்டிய ஸ்ப்ரேயை உள்ளே விட்டு அரை டப்பா அடித்தேன். சத்தம் போய்விட்டது. வீட்டில் எல்லோரிடமும் பெருமை வேறு.

மூன்றாம் நாள் அரிசி மூட்டையோடு ஏற்காடு ஏறினேன். சேலம் பக்கம் இருந்து 20 வளைவு. பதினோராவது வளைவில் என்ஜின் ஊளையிடுகிறது, வண்டி நகரவில்லை. முடி பொசுங்குகிற வாசனை. எண்ணெய் தெறித்துக் கிளட்ச் பிளேட்டில் இறங்கியிருக்கிறது. மூட்டையை வேறு வண்டிக்கு மாற்றி, இதை இன்னொரு லாரி பின்னால் கட்டி இறக்கினோம். அப்புறம் கியர்பாக்ஸ் இறக்கி, புது பிளேட் போட்டு, அந்தக் குமிழில் கடுகளவு மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் வைத்தார்கள். நான் முதலிலேயே இறக்கியிருந்தால் பிளேட்டாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே சத்தம் கீழே என்று தெரிந்தால் ஸ்ப்ரேயோடு உள்ளே போகாதீர்கள். வெளியே, கீழ் சிலிண்டரின் ராடு ஃபோர்க்கில் போய்க் குத்தும் குழியில் விரல் நுனி அளவு கிரீஸ் வைக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


வன்னி லொறி:

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பதும் பழைய லொறிதான், கிளச் வேலை முறையும் இதேதான்.

எனக்குச் சத்தம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்தது. அது இரும்பும் இரும்பும் உரசுகிற கூர்மையான சத்தம் அல்ல. ஈர ரப்பர் செருப்பு சிமெந்துத் தரையில் இழுபடுவதுபோல் 'க்ரூக்' என்றிருக்கும். பெடல் மேலே வருவதும் கொஞ்சம் சோம்பலாக இருந்தது. பார்க்கிற விதம் சுலபம். காலுக்கு எதிரே ராட் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் தொப்பி இருக்கும், அதைப் பின்னால் தள்ளி விரலை விட்டுப் பாருங்கோ. விரல் ஈரமானால் சீல் போய்விட்டது, சீல் கிட் மாற்றத்தான் வேண்டும். காய்ந்திருந்து, ஓயில் மட்டும் தேத்தண்ணி நிறத்துக்குப் போயிருந்தால், பழசை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதிது நிரப்பிப் பாருங்கோ. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற சாதி, பலரும் ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள்.

முக்கியமாக, அந்த ரப்பரில் சாதாரண கிரீஸோ என்ஜின் ஓயிலோ படக்கூடாது. ரப்பர் ஊதிப்போய்ச் சிலிண்டருக்குள் இறுகிவிடும். அதே பிரேக் திரவத்தில் விரலை நனைத்துப் பூசுவதுதான் முறை. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கோ, பெயின்ட் உரிந்து வரும்.


சங்ககிரி பட்டறை:

வவுனியாத் தம்பி சொன்னது சரி. அந்தக் காலத்தில் பிரேக் எண்ணெயே விளக்கெண்ணெயில் சாராய வகை சேர்த்துத்தான் செய்தார்கள். இயற்கை ரப்பரை விளக்கெண்ணெய் கெடுக்காது. எங்கள் தாத்தா மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மசகு போடுவார். மூங்கில் குழாயில் ஊற்றி வண்டிக்கு அடியில் தொங்கும். அது வேறு கதை. இப்போதைய சிலிண்டருக்கு டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ, டாட் 3 அல்லது டாட் 4, அதை மட்டும் ஊற்றுங்கள்.


அன்னாசி லோடு:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போனது. விவரமாக எழுதுகிறேன், அடுத்து வருகிறவருக்கு உதவட்டும்.

வண்டியைக் காளப்பநாயக்கன்பட்டியில் மாமா வீட்டுக் களத்துக்குக் கொண்டுபோனேன். சமதரை, சிமெண்டு. கட்டை போட்டாச்சு. மட்டம் பார்க்கும் டியூப் மாமா வீட்டிலேயே இருந்தது, கட்டுத்தறி கட்டினபோது மிஞ்சியது. என் தம்பி கதவுக்கு வெளியே நின்று கையால் பெடலை அழுத்தினான். நான் சீட்டு முதுகில் காலைத் தூக்கிப் போட்டு, தலையைப் பெடலுக்கு அடியில் கொடுத்துப் படுத்தேன். ரத்தம் எல்லாம் நெற்றிக்கு வந்துவிட்டது. இந்த நிலையில் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் இருக்க முடியாது, இடையிடையே எழுந்துவிடுங்கள்.

வண்டிக்கு அடியில் டியூப் வைத்தால் லேசாகக் கேட்டது. பேனட் பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூட. டாஷ்போர்டுக்கு அடியில் காதைப் பிளந்தது. ஆக, மேலே. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தொப்பியைத் தள்ளிப் பார்த்தேன், உள்ளே காய்ந்திருக்கிறது. வவுனியா அண்ணனுக்கு நன்றி, ஒரு சந்தேகம் கழிந்தது.

நான் நூற்றுக்கு நூறு ஸ்பிரிங் என்றே நினைத்திருந்தேன். கொக்கி மாட்டும் ஓட்டையில் பளபளவென்று தேய்ந்த அடையாளம் இருந்தது. அதைக் கழற்றுவதற்கு மாமா ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். ஸ்பிரிங்கை ஒரு பக்கம் வளைத்துப் பிடித்து, விரியும் சுற்றுகளின் இடுக்கில் காசைச் செருகுவது. அப்புறம் மறுபக்கம் வளைத்து இன்னும் சில. ஸ்பிரிங் நீண்ட நிலையிலேயே நின்றுகொள்ளும், கொக்கி தானாகக் கழன்று வரும். செல்லாத நாலணாக்கள் அத்தையின் அஞ்சறைப் பெட்டியில் ஒரு பிடி இருந்தன, மிளகு வாசனையோடு. பதினான்கு காசு போட்டதும் ஸ்பிரிங் கையோடு வந்தது. குறடு வைத்து இழுத்துக் கண்ணில் அடி வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஸ்பிரிங் இல்லாமல் தம்பி பெடலை அழுத்தினான். கீச். அதே கீச். ஸ்பிரிங் மேல் தப்பில்லை.

அடுத்து மாஸ்டர் சிலிண்டர் ராடைப் பெடலோடு சேர்க்கும் பின். பின் கழன்று விழாமல் பூட்டும் ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி உருவி, பின்னைத் தட்டி எடுத்தேன். இப்போது பெடல் ஊஞ்சல் மாதிரி சும்மா ஆடுகிறது. ஆட்டினால் சத்தமே இல்லை! பின்தான் குற்றவாளி என்று எழுந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டேன். டீ டம்ளரோடு திரும்பி வந்து, சும்மா ஒரு கையால் பெடலை இடது பக்கமாக நெட்டித் தள்ளிக்கொண்டே ஆட்டினேன். 'கீ...ச்'. தம்பி சிரித்துவிட்டான்.

சுமை இல்லாதபோது புஷ் கத்தவில்லை, பக்கவாட்டில் அழுத்தம் கொடுத்ததும் கத்துகிறது. காலால் மிதிக்கும்போது நாம் நேராக மிதிப்பதில்லையே, கொஞ்சம் சாய்த்துத்தான் மிதிக்கிறோம். விரலை வைத்தேன். தண்டின் இடது முனையில் அந்த நடுக்கம் சுருக்கென்று தெரிந்தது. பட்டறை அண்ணா, நீங்கள் விரலை நம்பச் சொன்னது இப்போதுதான் புரிகிறது.

தண்டு என்பது ஒரு நீள போல்ட்தான், 17 ஸ்பேனர். சொன்னபடி பிரேக் பெடலும் அதிலேயே தொங்குகிறது. அதன் பின்னையும் கழற்றிவிட்டுத் தண்டை உருவினேன். உள்ளிருந்து சிவப்புத் தூள் மிளகாய்ப்பொடி மாதிரி மூக்கில் கொட்டியது. துருவும் நைலானும் கலந்த தூள். வலது பக்க நைலான் புஷ் நன்றாக இருக்கிறது. இடது பக்கத்தது ஒரு புறம் தாள் மாதிரி தேய்ந்து, நீளவாக்கில் வெடித்து, பெடலின் இரும்பு தண்டின் மேலேயே உட்கார்ந்து ஓடியிருக்கிறது. நான் அடித்த ஸ்ப்ரே எல்லாம் வெளி விளிம்பை மட்டும்தான் நனைத்திருக்கிறது. காலைப் பனியில் ஏன் அதிகம் என்றால், அந்தத் துருத் தூள் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது புஷ் இல்லை, அந்தப் பின். துணியில் துடைத்து வெயிலில் பார்த்தேன். நடுவில் ஒரு பள்ளம், அரிசி ஒன்றைப் படுக்கவைக்கலாம். பத்து மில்லிமீட்டர் பின் அந்த இடத்தில் ஏழுதான் இருக்கிறது. அது கீச் என்றும் சொல்லவில்லை, கிறீச் என்றும் சொல்லவில்லை. சத்தமே போடாமல் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அது மலையில் ஒடிந்திருந்தால் பெடல் தரையோடு போயிருக்கும், கியரைக் கழற்ற முடியாது. பின்னால் ஒன்றரை டன் அன்னாசி.

நாமக்கல்லில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பின் கிடைத்தது, 40 ரூபாய். இந்த மாடல் நைலான் புஷ் இல்லை, "ஆர்டர் போட்டால் பத்து நாள்" என்றார்கள். லேத் பட்டறையில் தண்டைக் கொடுத்தேன். வெர்னியரில் பிடித்துப் பார்த்து, தண்டு தேயவில்லை, உப்புத்தாள் போட்டால் போதும் என்றார். கன்மெட்டலில், அதாவது வெண்கல வகையில், ரெண்டு புஷ் கடைந்து கொடுத்தார், ஜோடி 300. கிரீஸ் 120. ஒன்பதாயிரம் எங்கே, 460 எங்கே.

பூட்டியபின் பெடல் மேலே வந்துவிட்டது. முன்பு தரையிலிருந்து ரெண்டு விரல் உயரத்தில் கிளட்ச் பிடிக்கும், இப்போது பாதியிலேயே பிடிக்கிறது. தேய்ந்த பின்னும் புஷ்ஷும் அவ்வளவு அசைவைத் தின்றிருக்கின்றன. இன்னொன்று, பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. பிரேக் பெடலில் இடிக்கும் சுவிட்சை அரை மரை திருகியதும் சரியானது. கிளம்பும் முன் யாரையாவது பின்னால் நிறுத்தி இதைப் பாருங்கள், நாங்கள் தற்செயலாகத்தான் பார்த்தோம்.

இன்று காலை ஐந்து மணிக்குப் பனியில் ஏறினேன். 70 வளைவும் சத்தம் இல்லை.

கேள்வி ஒன்றுதான் மிச்சம். கன்மெட்டல் போட்டது சரிதானே?


ஆறு சக்கரம்:

தேங்காய் எண்ணெயைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அந்தக் காசு வித்தை பிரமாதம்.


எடப்பாடி நெல்லு வண்டி:

நைலானே நல்லது என்பேன். கிரீஸ் காய்ந்தாலும் அது தானே கொஞ்சம் வழுக்கும். கன்மெட்டலைக் கவனிக்காமல் விட்டால் தண்டைத் தின்றுவிடும், அப்புறம் தண்டையும் சேர்த்துக் கடைய வேண்டும்.


சங்ககிரி பட்டறை:

ரெண்டு பேர் சொல்வதும் நியாயம். மலை ஓடுகிற வண்டிக்கு, கவனிக்கிற ஆள் கையில் இருந்தால், நான் கன்மெட்டல்தான் போடுவேன். ஆனால் புஷ்ஷின் உள்பக்கம் கிரீஸ் நிற்க ஒரு காடி வெட்டச் சொன்னீர்களா? வழவழவென்று கடைந்திருந்தால் கிரீஸ் ரெண்டு மாதத்தில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுவில் காய்ந்துவிடும். வெட்டவில்லை என்றால் பரவாயில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தண்டை உருவிப் புதுக் கிரீஸ் வையுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது காடி வெட்டிக்கொள்ளலாம்.

பெடல் பாதியில் பிடிக்கிறது என்றீர்கள். அது நல்லதுதான், ஆனால் விரலால் பெடலை மெல்ல அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்சம் சும்மா போக வேண்டும், அப்புறம்தான் கனம் தெரிய வேண்டும். எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். அந்த இடைவெளியே இல்லாமல் ராடு எப்போதும் சிலிண்டர் பிஸ்டனைத் தொட்டுக்கொண்டே இருந்தால், எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் துளை திறக்காது. சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் நிற்கும், மலையில் பாதி வழியில் கிளட்ச் தானாக வழுக்கும். ராடில் ஒரு லாக் நட்டு இருக்கும், அதைத் தளர்த்தித் திருகிச் சரிசெய்யலாம்.

கடைசியாக ஒன்று. புதுப் பின் 40 ரூபாய் என்று எழுதினீர்கள், புஷ், கிரீஸ் கணக்கும் வந்தது. ஸ்பிலிட் பின் கணக்கைக் காணோமே? நிமிர்த்தி உருவின பழசையே மறுபடி வளைத்துப் போட்டீர்களா?


அன்னாசி லோடு:

இடைவெளி இப்போதே போய்ப் பார்த்தேன், அரை விரல்கடை சும்மா போகிறது. காடி வெட்டவில்லை, தேதியைக் கதவு ஓரத்தில் பெயின்டால் எழுதிவிட்டேன்.

ஸ்பிலிட் பின்... ரெண்டிலும் பழசுதான் அண்ணா. பிரேக்கிலும். நாளைக்கு நடை இல்லை, காலையில் கடை திறந்ததும் வாங்கி மாற்றிவிட்டு இங்கே எழுதுகிறேன்.


சங்ககிரி பட்டறை:

கடை வரைக்கும் பஸ்ஸில் போங்கள்.